சேர்த்த நேரம்

காத்தாலைக் கதைன்னு சொன்னதும் மனசுக்குள்ள ஒரு படம் ஓட்டியிருப்பீங்க, தெரியும். ராத்திரியில றெக்கை தானாச் சுத்தும், வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி ஏணியில நிப்பா. இல்லேன்னா இஞ்சினியர் பையனும் குவாரிக்காரர் மகளும் அத்தனை ஒசரத்துல நின்னு கட்டிப்பிடிச்சுக்குவாங்க, கீழ அவ அண்ணன்மார் அருவாளோட நிப்பானுங்க. ம்ஹூம். ஏமாந்தீங்க. பகல் பதினொண்ணு. நல்ல வெயிலு. ஒரு ஆளு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்கான். ஓட மாட்டான், யாரையும் அடிக்க மாட்டான், கூப்பிடுத வரைக்கும் எந்திரிக்கக்கூட மாட்டான். அவன் உக்காந்திருக்கதுதான் கதை. எந்திரிச்சுப் போறவங்க இப்பவே போயிரலாம், கதவு தொறந்துதான் கெடக்கு. போகலியா? சரி. பொறவு என்னையக் குத்தம் சொல்லப்பிடாது.

நாற்காலி கண்ட்ரோல் ரூம் கண்ணாடிக் கதவுக்கு வெளிய வராந்தாவுல கெடக்கு. அதுல ஒரு கால் லேசா வளைஞ்சது, இடுப்பை இடது பக்கமாச் சாய்ச்சு வச்சாத்தான் ஆடாது, தாணுலிங்கம் அப்படித்தான் சாய்ச்சு வச்சிருக்கான். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினா வருதே அந்தக் காத்தாலைக் காடு, அதுல ஒரு கம்பெனியோட சப்-ஸ்டேஷன்ல அவன் பதினேழு வருசமா ஆபரேட்டரு, எந்த நாற்காலி எந்தப் பக்கம் ஆடும், எந்தப் பட்டன் எவ்வளவு அமுக்கினா வேலை செய்யும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி, ஆனா இன்னைக்கு உள்ள போய்த் தன்னோட நாற்காலியில உக்காரக் கூடாதுன்னு மேனேஜர் ரகுநாதன் சொல்லிட்டாரு. அவரு எதையும் ரெண்டு தடவ சொல்லுவாரு, ரெண்டாவது தடவ மூக்கால சொல்லுவாரு. "வெளிய இருங்க தாணுலிங்கம். வெளிய இருங்க. ரிப்போர்ட் வந்ததும் கூப்பிடுதேன். கூப்பிடுதேன்." முந்தியெல்லாம் அவரு அந்தப் பக்கம் போனதும் தாணுலிங்கம் மூக்கைப் பொத்திக்கிட்டு அதே மாதிரி சொல்லிக் காட்டுவான், லைன்மேன் ஏசுவடியான் சிரிச்சுச் சிரிச்சு வடையைத் துப்புவான். துப்புவான்னா சொன்னேன்? துப்பினான். எட்டு நாளாச்சு. எட்டு நாளா அவன் எதைத் துப்புதான். தாணுலிங்கத்துக்கு இதுதான் இப்ப பெரிய தொல்லை, இருக்கான்னு நெனைக்க ஆரம்பிக்கும் மனசு, பாதியில தடுக்கி விழுந்து இருந்தான்னு எந்திரிக்கும், முழங்கால் சிராய்ச்ச மாதிரி எரியும், மறுபடி நடக்கும், மறுபடி அதே எடத்துல தடுக்கும். எட்டு நாள் முன்னால ஒரு செவ்வாக்கெழம மத்தியானம் பன்னெண்டு மூணுக்கு, ஏழாம் நம்பர் லைன்ல ஏறி நின்ன ஏசுவடியான் மேல முப்பத்து மூணாயிரம் வோல்ட்டு பாஞ்சது. பட்டனை அமுக்கினது தாணுலிங்கம். அது எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரிஞ்சது வேற ஒண்ணு இருக்கு.

எல்.சி.ன்னு ஒண்ணு. அதைச் சொல்லாம இதைச் சொல்ல முடியாது. லைன்ல ஏறப்போற ஆளு கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, "லைனை நிறுத்திக் குடுங்க, நான் ஏறுதேன்"னு கேட்டு வாங்கணும், அதுதான் எல்.சி., லைன் கிளியர். ஆபரேட்டர் கரண்டை நிறுத்திட்டு யாரு கேட்டா, எந்த லைனு, எத்தன மணின்னு கம்ப்யூட்டர்ல சேர்க்கணும். வேலை முடிஞ்சதும் கேட்டவனே போன்ல வந்து "ஆளும் சாமானும் கீழ, எல்.சி. திரும்பத் தாரேன்"னு சொல்லணும், அதையும் எழுதிட்டுத்தான் பட்டன்ல கை வைக்கணும். நல்ல ஏற்பாடு. ஆனா ஒரு எல்.சி. போட பதினொரு கட்டம் ரொப்பணும், ரெண்டு பேரு சரி சொல்லணும், அந்த ரெண்டு பேருல ஒருத்தரு எப்பவும் டீ குடிக்கப் போயிருப்பாரு. அதனால இங்க ஒரு பழக்கம். ஏற்கெனவே ஒரு கூட்டம் எல்.சி. எடுத்து லைன் செத்துக் கெடந்தா, அதே லைன்ல அஞ்சு நிமிச வேலை இருக்கவன் தனியா எடுக்க மாட்டான், ஆபரேட்டருக்கு ஒரு போன் அடிச்சுட்டு அதுலயே தொத்திக்கிடுவான். ஒட்டுன்னு பேரு. ஒட்டுக்கு எழுத்தும் கெடையாது, நம்பரும் கெடையாது. ஆபரேட்டர் மண்டைக்குள்ள மட்டும் இருக்கும். பதினேழு வருசத்துல தாணுலிங்கம் மண்டைக்குள்ள எத்தனை ஒட்டு வந்து எறங்கிப் போயிருக்கு, ஒருத்தனுக்கும் ஒரு சிராய்ப்பு கெடையாது. அன்னைக்கு எசக்கிப்பாண்டி கேங்கு குளத்துப் பக்கம் கம்பத்துப் பீங்கானைத் தொடைக்க எல்.சி. எடுத்திருந்தது. பதினொண்ணு அஞ்சுக்கு ஏசுவடியான் போன். "மச்சான், இங்க தெக்குக் கடைசியில ஒரு ஜம்பர் கம்பி லூசாக் கெடக்கு, ஒட்டுல ஏறிக்கிடட்டா?" "ஏறிக்கோ." அவன்தான் கேட்டான். இவன் சரின்னான். அப்படித்தான். அப்படித்தானே?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரகுநாதன் பிரிண்டரைப் பாத்துக்கிட்டே நிக்காரு, அது குட்டி போடப் போற மாதிரி. மெட்ராஸ்ல இருந்து சாப்ட்வேர்காரன் பிரணவ் இங்க இருக்க பிரிண்டருக்கே நேரா அனுப்புவானாம், பதினொன்னரைக்குள்ள. ஒரே ஒரு பக்கம். ஏசுவடியான் பேர்ல கம்ப்யூட்டர்ல ஒரு எல்.சி. பதிவு இருக்குல்லா, அது எப்ப சேர்த்தது, அந்த ஒரு விவரம். தலைமை ஆபீஸ்ல இருந்து யாரோ ஒரு பொம்பளை அதிகாரி கேட்டிருக்கு. அது ஏன் கேட்டது? ஊரே ஒத்துக்கிட்ட பிறகு அது ஏன் கேட்டது? பதிவு அழகா இருக்கு. ஏசுவடியான், ஏழாம் நம்பர் லைன், எல்.சி. எடுத்தது 11.05, திரும்பக் குடுத்தது 11.50. அப்ப பன்னெண்டு மூணுக்கு அவன் ஏன் மேல இருந்தான்? யாருகிட்டயும் சொல்லாம மறுபடி ஏறியிருக்கான், அவன் தப்பு. படிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. அவன் தப்பு, அவன் தப்புன்னு ரகுநாதன் ரெண்டு தடவ சொன்னாரு. யாருக்கும் தெரியாதது இவ்வளவுதான், பன்னெண்டு மூணுக்கு அந்தப் பதிவே கெடையாது. தெக்குப் பக்கம் இருந்து ஆளுங்க கத்திக்கிட்டு ஓடினப்ப, இந்த ரூம்ல தனியா நின்ன தாணுலிங்கத்தோட காலு ஓடல. காலு ஓடலியே, கை ஓடிச்சு. கட்டம் கட்டமா ஓடிச்சு. சரி சொல்லுத ரெண்டு பேருக்கும் பாஸ்வேர்டு காலண்டர் பின்னால எழுதி வச்சிருக்கும், எல்லாருக்கும் தெரியும், அவங்க பேரால அவனே சரி சொன்னான். ஏசுவடியான்ங்கிற பேரை அடிக்கும்போது 'யா'வை விட்டுட்டான், திரும்பப் போய்ச் சேர்த்தான், அவ்வளவு பொறுமை எங்க இருந்து வந்தது அந்த நேரத்துல. எல்லாம் முடிச்சு என்டர் தட்டும்போது திரை மூலையில மணி 12.21. அதை அவன் பாத்தான். பாக்காம இருந்திருக்கலாம். மூணுக்கும் இருபத்தொண்ணுக்கும் நடுவுல பதினெட்டு. பதினெட்டுங்கிற நம்பர் எங்க கண்ணுல பட்டாலும், பஸ்ல, தீப்பெட்டியில, டிவியில, முகத்தைத் திருப்பிக்கிடுதான்.

பக்கத்து நாற்காலியில ஞானசுந்தரி இருக்கா. ஏசுவடியான் சம்சாரம். மடியில கட்டப்பை, பைக்குள்ள அவன் லாக்கர்ல இருந்து எடுத்துக் குடுத்த டிபன் பாக்ஸு, சட்டை, மஞ்ச ஹெல்மெட்டு. ஹெல்மெட்டு பைக்குள்ள அடங்காம வெளிய தலையை நீட்டிக்கிட்டு இருக்கு, தாணுலிங்கம் அந்தப் பக்கம் திரும்பாம இருக்கான், கழுத்து வலிக்குது. அவ நேத்தே வரலாம்னு இருந்தாளாம், ரிப்போர்ட் வருதுன்னு கேட்டு இன்னைக்கு வந்திருக்கா. "அண்ணே, கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுல்லா?" "சொல்லாதும்மா." சொல்லிட்டான். சத்தம் ஒழுங்கா வந்தது. "அதான் நானும் சொல்லுதேன். எறங்கினவரு மறுபடி ஏறினாருங்காவ. அவருக்கு முட்டி வலிண்ணே. எங்க வீட்டு மாடிப்படி பதிமூணு படி, மேல போயிட்டார்னா சாப்பாட்டுக்குத்தான் எறங்குவாரு. எறங்கினா அன்னைக்கு மறுபடி ஏற மாட்டாரு. அந்த மனுசன் ரெண்டு தடவ ஏறுவாரா? நீங்களே சொல்லுங்க." தாணுலிங்கம் வெளிய பாத்தான். றெக்கை மூணும் ஒண்ணு பின்னால ஒண்ணா வருது, ஊஷ், ஊஷ், ஊஷ், ஒவ்வொரு றெக்கையும் அவனைக் கேட்டுட்டுப் போன மாதிரி, ஏறுவாரா, ஏறுவாரா, ஏறுவாரா. "குடிச்சிருந்தாருன்னு வேற பேசுதாவ. மூத்தவ பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ள கேட்டிருக்கு, உங்கப்பா குடிச்சுட்டு ஏறினாராமேட்டின்னு. அவ வீட்டுல வந்து என்கிட்ட ஒண்ணும் கேக்கல. அப்பா சட்டையை எடுத்து மோந்து பாத்தாண்ணே. மோந்து பாத்தா."

குடியை தாணுலிங்கம் சேர்க்கல. அது சத்தியம். அவன் சேர்த்தது ஒரு வரி, ரெண்டு நேரம், அவ்வளவுதான். ஆனா எறங்கினவன் எதுக்கு மறுபடி ஏறினான்னு ஊருக்கு ஒரு காரணம் வேணும்லா, மறுநாளே யாரோ வாசனை வந்துச்சுன்னான், அடுத்த நாளு அதுக்கு ஒரு குவார்ட்டர் வந்தது, அதுக்கு அடுத்த நாளு கூடக் குடிச்ச ஆளே வந்துட்டான். யாரு எப்ப எதைச் சேர்த்தா, யாரு மாத்தினான்னு இதுக்கெல்லாம் ரிப்போர்ட் கெடையாது. மனுச வாயில அந்தக் கட்டமெல்லாம் வைக்கல. கம்ப்யூட்டர்ல வச்சிருக்கான். ரெண்டு வருசம் முன்னால இந்த சாப்ட்வேரைப் போடும்போது பிரணவ் நேர்ல வந்து மூணு மணி நேரம் கிளாஸ் எடுத்தான், ஒவ்வொரு வரிக்கும் முன்னால "பேசிக்கலி"ம்பான். "பேசிக்கலி, நீங்க டைப் பண்ற டைம் உங்க டைம். நீங்க எப்ப டைப் பண்ணீங்கங்கிறது சிஸ்டம் டைம். ஒரு பதிவைச் சேர்த்தாலும் சரி, மாத்தினாலும் சரி, அது தானா எழுதிக்கும் சார். அந்தக் கட்டம் உங்க கண்ணுக்குத் தெரியாது. யாரும் தொட முடியாது. பேசிக்கலி, நானே தொட முடியாது." தாணுலிங்கம் அன்னைக்குப் பின் பெஞ்சுல. கேட்டானா? கேட்டான், ஆனா குரலைக் கேட்டான், விசயத்தைக் கேக்கல. மத்தியானம் சாப்பிடும்போது எந்திரிச்சு நின்னு, "பேசிக்கலி, இந்த ரசம் எப்ப ஊசிப்போச்சுன்னு தானா எழுதிக்கும் சார்"னான், அத்தனை பேரும் உருண்டாங்க, ஏசுவடியானுக்குப் பொரை ஏறி இவனே முதுகுல தட்டினான். அந்த முதுகு. சட்டைக்கு மேலயே எலும்பு தெரியும். ரசம் ஞாபகம் இருந்தது, பேசிக்கலி ஞாபகம் இருந்தது, கட்டம் மட்டும் மறந்துபோச்சு. முந்தாநாள் ரகுநாதன் போனை ஸ்பீக்கர்ல போட்டு பிரணவ்கிட்டப் பேசும்போதுதான் மறுபடி காதுல விழுந்தது. தானா எழுதிக்கும் சார். அப்ப தாணுலிங்கம் குடிச்சிட்டிருந்த டீயை முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல, வாய்க்குள்ளயே வச்சு ஆற வச்சான்.

எழுதியிருக்கும். அது எழுதியிருக்கும். பன்னெண்டு இருபத்தொண்ணு. ஒருவேளை அன்னைக்கு மெசினுக்கு ஏதாவது ஆகியிருந்தா? கரண்டு போயி கடிகாரம் நின்னிருந்தா? சப்-ஸ்டேஷன்ல கரண்டு போகுமாக்கும். நல்லா இருக்கு. ஒருவேளை அவன் எர்த் ராடு போட்டிருந்தான்னா இப்படி ஆகியிருக்காதுல்லா, லைன்ல ஏறுதவன் பக்கத்துலயே ஒரு ராடைத் தரையில அடிச்சு லைனோட கட்டிக்கிடணும், அது சட்டம், அவன் கட்டல, அப்ப அவன் தப்பும் இருக்கு. கொஞ்சம் இருக்கு. கால்வாசி. ஆனா ராடு மொத்தம் ஒண்ணுதான், அது எசக்கிப்பாண்டி கேங்கு கையில இருந்தது, இன்னொண்ணு வேணும்னு ஆறு மாசமா எழுதிக் கேட்டவன் ஏசுவடியான். போச்சு. கால்வாசியும் போச்சு. சரி, ரகுநாதன் தப்பு. பன்னெண்டு மணிக்கு அவருதான் கத்தினாரு, "காத்து வந்துட்டு, காத்து வந்துட்டு, இருபது மெசின் சும்மா நிக்குது, லைன் ஏன் இன்னும் வரல, ஏன் வரல?" அதே நேரம் எசக்கிப்பாண்டி போன்ல, "ஆளும் சாமானும் கீழண்ணே." ஒரு காதுல காத்து, ஒரு காதுல கீழ. கீழன்னு கேட்டதும் கை பட்டனுக்குப் போயிருச்சு, பதினேழு வருசமா கீழன்னா போற கை. அமுக்கினதுக்கும் ஒட்டு ஞாபகம் வந்ததுக்கும் நடுவுல எவ்வளவு இருக்கும்? ஒரு இமை. அரை இமை. அந்த அரை இமையை எந்த மெசினும் எழுதல. முதல்ல அமுக்கினானா, முதல்ல ஞாபகம் வந்ததா? அமுக்கினது முதல்ல. நிச்சயமா அமுக்கினது முதல்ல. ஆனா ஏன் ராத்திரிப் படுத்தா வரிசை மாறி வருது, ஞாபகம் வருது, விரல் அதுக்குப் பொறவும் போகுது?

வீட்டுல அவன் இப்ப எந்த சுவிட்சையும் போடுததில்ல. மோட்டார் போடச் சொன்னா சுவிட்சு மேல விரலை வச்சுட்டு அப்படியே நிக்கான். சம்சாரம் கோமதி பாத்துட்டு, "என்ன, சுவிட்சைப் பாத்து சாமி கும்பிடுதீங்களா?"ன்னா. "மேல யாரும் நிக்கலியே?" "எங்க மேல?" "டேங்க்குல." "ஏன், நான்தான் நிக்கேன், குளிக்கதுக்கு. போடுங்கங்கேன்." அவன் போடல. அவளே ஈரக்கையைச் சேலையில தொடைச்சுட்டு வந்து போட்டா, போட்டுட்டு இவன் முகத்தைப் பாத்தா. அவளுக்குத் தெரிஞ்சிருக்குமோ? தெரியாது. அடக்கத்துக்குப் போயிட்டு வந்து, "ஏசுவடியான் அண்ணனா சொல்லாம ஏறினாரு?"ன்னு ஒரு தடவதான் கேட்டா. ஒட்டுல ஏறிக்கிடட்டான்னு அவன்தான் கேட்டான்னு சொல்ல வாய் வந்தது. கேட்டானா? இப்ப அந்தப் போனை மறுபடி ஓட்டிப் பாத்தா வார்த்தை வேற மாதிரி இருக்கு. "மச்சான், ஒரு ஜம்பர் லூசாக் கெடக்கு, ஒட்டாப் போவமா, தனியாப் போடுவமா?" அப்படித்தான் இருந்தது. ரெண்டையும் கேட்டான். இவன் ஒட்டுன்னான். இல்ல. ரெண்டையும் கேக்கல. எட்டு நாளா இவன் அந்தப் போனை எத்தனை தடவ எடுத்து எடுத்து வச்சிருக்கான், எடுக்கும்போதெல்லாம் கையில ஒரு எழுத்து ஒட்டிக்கிடுது, ஒரு வார்த்தை உதிர்ந்து போகுது, உள்ள யாரு உக்காந்து மாத்துதா, மாத்தின நேரம் எது, ஒரு கட்டமும் இல்ல. மேல இருக்கதைச் சொரண்டிச் சொரண்டி அடியில போனா, அங்க ஏசுவடியான் சத்தம் தெளிவா இருக்கு, பின்னால காத்தும் சேர்ந்து கேக்குது. "மச்சான், இன்னைக்குத் தனியாவே போட்டுருடே. அந்தக் கேங்கு குளத்துப் பக்கம் நிக்குது, நான் நிக்கது அவங்களுக்குத் தெரியாது. முடிச்சதும் நானே சொல்லுதேன்." அதுக்கு இவன் சொன்னது, மூக்கைப் பொத்திக்கிட்டு, ரகுநாதன் குரல்ல. "ஒட்டுலயே ஏறுங்க ஏசுவடியான். ஒட்டுலயே ஏறுங்க." அவன் சிரிச்சான். சிரிச்சிக்கிட்டே, "சரி சார், சரி சார்"னு அவனும் ரெண்டு தடவ சொல்லிட்டு வச்சான். அவன் கேக்கவேயில்ல. வேண்டாம்னான். வேண்டாம்னவனைச் சிரிக்க வச்சு மேல ஏத்தினது இவன்.

உள்ள பிரிண்டர் கர்ருன்னது. தாணுலிங்கத்தோட இடுப்பு நேராயிருச்சு, நாற்காலி ஒரு பக்கம் டக்குன்னு சாஞ்சது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரகுநாதன் பேப்பரை எடுத்து, கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி, எட்டத்துல பிடிச்சுப் பாத்து, கிட்டத்துல பிடிச்சுப் பாத்து, கையை அசைச்சாரு. "வாங்க. ரெண்டு பேரும் வாங்க." ஞானசுந்தரி பையை அணைச்சுக்கிட்டு எந்திரிச்சா. இவன் அஞ்சு எட்டு நடக்கணும். சொல்லிருவோமா, அவரு படிக்கதுக்கு முன்னால நம்ம வாயாலயே சொல்லிட்டா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கும்லா, ஒரு எட்டு, ஆமா சொல்லிருவோம், ரெண்டு எட்டு, கோமதிக்கு முதல்ல சொல்லிட்டுச் சொல்லியிருக்கலாம், மூணு எட்டு, ஜெயில்ல நாற்காலி இருக்குமா, இது என்ன நெனைப்பு, நாலு எட்டு, கதவு கைப்பிடி சில்லுன்னு இருக்கு, அஞ்சு. ஏ.சி. காத்து மூஞ்சில அடிச்சது. வாய் தொறக்கல. ரகுநாதன் சிரிச்ச முகமா இருந்தாரு. அதுதான் தாணுலிங்கத்துக்கு விளங்கல. "சரியாத்தான் இருக்கு, சரியாத்தான் இருக்கு. இந்தா, சேர்த்த நேரம் 06.51. காலையில ஆறு அம்பத்தொண்ணு. தாணுலிங்கம் ஆறு மணி ஷிப்டுக்கு வந்ததும் அன்னைக்கு வேலையெல்லாம் பாத்து முன்கூட்டியே பதிவு போட்டிருக்காரு. முறைப்படி போட்டிருக்காரு. நம்ம பக்கம் ஒரு தப்பும் இல்லம்மா."

ஆறு அம்பத்தொண்ணா. அன்னைக்கு ஆறு அம்பத்தொண்ணுக்கு அவன் கை கழுவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டு இருந்தான், ஏசுவடியான் வீட்டை விட்டே கெளம்பியிருக்க மாட்டான். தெக்குக் கடைசியில ஜம்பர் லூசாக் கெடக்கதே யாருக்கும் தெரியாது. பதினொண்ணு அம்பதுக்கு எறங்குவான்னு காலையில ஆறு அம்பத்தொண்ணுக்கு எப்படிச் சேர்க்க முடியும்னு கேக்க அந்த ரூம்ல ஒருத்தருக்கும் தோணல, தோணவேண்டியவரு கையெழுத்துப் போட பேனாவைத் தேடிக்கிட்டு இருக்காரு. தாணுலிங்கம் பேப்பரைப் பாத்தான். எழுத்தெல்லாம் குட்டி குட்டியா இருக்கு. 06.51 மட்டும் பெருசாத் தெரியுது. யாரும் தொட முடியாத கட்டத்தை யாரு தொட்டா? மெசினுக்கே இரக்கம் வந்துட்டா? மேசையைப் பிடிச்சுக்கிட்டான், நெஞ்சுக்குள்ள எட்டு நாளா இறுக்கிக் கட்டியிருந்தது அவுந்து விழுந்தது, வெக்கமே இல்லாம பசிச்சது, ஆமா, முதல்ல வந்தது பசிதான். அதுக்குப் பொறவுதான் ஞானசுந்தரியைப் பாத்தான். அவ அழல. பேப்பரையும் பாக்கல. பைக்குள்ள இருந்த ஹெல்மெட்டை உள்ளங்கையால உள்ள தள்ளி மூடிக்கிட்டு இருந்தா, இனிமே யாரும் அதைப் பாக்கவேண்டாங்கிற மாதிரி. "அப்ப அவருதான் ஏறியிருக்காரு"ன்னா, யாருகிட்டயும் இல்ல. "கம்ப்யூட்டரே சொல்லிட்டே. மூத்தவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்." பசி நின்னுபோச்சு. தாணுலிங்கத்துக்கு இப்பத்தான் முழுசாத் தெரிஞ்சது. மாட்டிக்கிட்டா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். இது முடியாது. இனிமே இவ கேக்கும்போதெல்லாம் சொல்லாதும்மான்னு சொல்லணும். அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவரும், மாமான்னு கூப்பிடும், வாங்கிக்கிடணும். இந்தப் பூமியில ஏசுவடியானுக்குச் சாட்சின்னு இருந்தது ஒரே ஒரு மெசினு, அதுவும் இவன் பக்கம் வந்துட்டு. சொல்லணும். இப்பச் சொல்லணும். வாயைத் தொறந்தான். காத்துதான் வந்தது, ரகுநாதன் அவனைத் தட்டிக்குடுத்து, "உக்காருங்க, உங்க நாற்காலியிலயே உக்காருங்க"ன்னாரு, இவன் உக்காந்தான். அந்த நாற்காலி ஆடல.

கதவைத் தள்ளிக்கிட்டு கேட் செக்யூரிட்டி சூசையண்ணன் கையில ரிஜிஸ்டரோட வந்தாரு. ஹெல்மெட்டு கம்பெனிச் சாமான், வெளிய போகணும்னா மேனேஜர் கையெழுத்து வேணும், அதுக்கு வந்தவரு. கூத்தங்குழிக்காரரு, இங்க வரதுக்கு முன்னால பதினாலு வருசம் கப்பல்ல ஓடினவரு, எந்தப் பேப்பரைக் கண்டாலும் எட்டிப் பாக்காம இருக்க முடியாது அவருக்கு.

"என்ன சார், வந்துட்டா ரிப்போர்ட்டு?"

"வந்துட்டு, வந்துட்டு. காலையில ஆறு அம்பத்தொண்ணுக்கே பதிவு போட்டிருக்கு. கேஸ் முடிஞ்சது."

"ஆறு அம்பத்தொண்ணா? காட்டுங்க." ரகுநாதன் தோளுக்கு மேல மூக்கை நீட்டிப் பாத்தாரு. "பக்கத்துல ஒரு இசட்டு நிக்குதே சார். இது நம்ம நேரம் இல்லையே. இது கிரீன்விச்சு நேரம்லா! கப்பல்ல லாக் புக்கு பூரா இதுலதான எழுதுவோம். நம்ம ஊருக்கு அஞ்சரை மணி கூட்டணும்." அவரு ரிஜிஸ்டரைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு விரலை மடக்கினாரு. "ஆறு அம்பத்தொண்ணும் அஞ்சும் பதினொண்ணு அம்பத்தொண்ணு. ஒரு அரை மணி. பன்னெண்டு இருபத்தொண்ணு. மத்தியானம்."

கணக்கு சரியா வந்த சந்தோசத்துல எல்லாரையும் ஒரு தடவ பாத்தாரு. ஒருத்தரும் சிரிக்கலைங்கவும் அவரு முகமும் மெல்ல மாறிச்சு.

"பன்னெண்டு இருபத்தொண்ணுக்கு ஏசுவடியானை நாங்க நாலு பேருமாத் தூக்கி வண்டியில ஏத்தியாச்சே சார். அதுக்கப்புறம் அவன் பேரை யாரு இதுக்குள்ள சேர்த்தது?"